“தைரொயிட்டுக்கு நல்ல டொக்டர் ஆரு டீச்சர்?”



இது நீளமான பதிவு. இப்போது நேரம் இல்லாதவர்கள் சேமித்து வைத்துவிட்டு இஷாவுக்குப் பிறகு ஆறுதலாக வாசியுங்கள். சிலருக்குக் கோபம் வரும். வந்தாலும் கடைசிவரை வாசித்துவிட்டுத் திட்டுங்கள்.

போன மாதம் எனது தைரொயிட் நோயைப் பற்றி இங்கே நாலு வரி எழுதினேன். அன்றிலிருந்து இன்பொக்ஸ் நிறைய ஒரே கேள்விதான். “டீச்சர், தைரொயிட்டுக்கு நல்ல டொக்டர் ஆரு? பேரையும் சனல் பண்ற இடத்தையும் அனுப்புங்க.”

நான் ஒருவருக்கும் பெயர் அனுப்பவில்லை. “டீச்சருக்குப் பெரும கூடிட்டு” என்று ஒரு சகோதரி எழுதியிருந்தார். பெருமையெல்லாம் இல்லை. இதே கேள்வியைத் தலையில் சுமந்துகொண்டு நான் மூன்று வருஷம் அலைந்திருக்கிறேன். என்னை அலைய வைத்தது அந்த நோய் இல்லை, இந்தக் கேள்விதான். அதனால்தான் பெயருக்குப் பதிலாக இதை எழுதுகிறேன்.

முதலில் என் கதை.

2019 இல் என் இரண்டாவது மகனுக்கு எட்டு மாதம். பாடசாலையில் இரண்டாம் பாடத்துக்குள் கால் சோர்ந்துவிடும். கரும்பலகையில் எழுதிக்கொண்டிருக்கும்போதே அடுத்த சொல் மறந்துவிடும். தலைமுடி கொத்தாகக் கொட்டியது. எங்கள் கரையோரத்து வெயிலில் எல்லோரும் வேர்த்து வடியும்போது எனக்கு மட்டும் குளிர். மாதவிடாய் பத்து நாள் நிற்காது. குரல் கரகரத்தது. “பிள்ள பெத்த உடம்பு, அப்பிடித்தான்” என்றார் மாமி. “கண்ணூறு” என்றார் பெரியம்மா. ஓதிய தண்ணீரும் குடித்தேன், அதில் எனக்கு மறுப்பில்லை. வீட்டில் வேலை தேங்கியபோது “சோம்பேறி” என்ற பேச்சும் காதில் விழுந்தது. அது யார் வாயால் வந்தது என்று இங்கே எழுத மாட்டேன். அவர் பிறகு என்னிடம் மன்னிப்புக் கேட்டுவிட்டார்.

முதலில் ஒரு டிஸ்பென்சரிக்குப் போனேன். இரத்தம் குறைவு என்று இரும்புச்சத்துக் குளிசையும் கேஸ்ட்ரிக் குளிசையும் தந்தார்கள். முடி கொட்டுவதற்கு இன்னொருவரிடம் போனேன். பூச லோஷன் தந்தார். பிறகு “பெரிய டொக்டர்” என்று ஊரே சொன்ன ஒருவரைப் பின்னேரம் சனல் பண்ணினோம். என் இலக்கம் 47. உள்ளே இருந்தது இரண்டு நிமிஷம். “டென்ஷன் கூட” என்று சொல்லி நித்திரைக்கு மருந்து எழுதினார். என் கழுத்தை ஒருவரும் தொடவில்லை. முடிக்கு ஒரு டொக்டர், வயிற்றுக்கு ஒரு டொக்டர், நித்திரைக்கு ஒரு டொக்டர் என்று என் உடம்பைப் பங்கு போட்டுக் கொடுத்தது நான்தான் என்பதையும் ஒத்துக்கொள்ள வேண்டும். ஒருவரிடம் சொன்னதை மற்றவரிடம் நான் சொல்லவில்லை.

ஒரு நாள் மகனுக்குக் காய்ச்சல். பக்கத்து அரசாங்க வைத்தியசாலை ஓபிடிக்குக் கொண்டு போனேன். வயது குறைந்த ஒரு பெண் டொக்டர். சிங்களப் பிள்ளை, அரைகுறைத் தமிழ். மகனைப் பார்த்து மருந்து எழுதிவிட்டு என்னை நிமிர்ந்து பார்த்தார். “மிஸ்ட குரல் முந்தியும் இப்பிடியா?” என்று கேட்டார். இல்லை என்றேன். எழும்பி வந்து பின்னால் நின்று கழுத்தைத் தொட்டுப் பார்த்தார். தண்ணீர் விழுங்கச் சொன்னார். ஒரு துண்டில் ரீ.எஸ்.எச். என்று எழுதித் தந்தார்.

ரிப்போர்ட் வந்தது. சாதாரணமாக 4 அல்லது 5க்குள் இருக்க வேண்டியது எனக்கு 48.

இதில் எனக்கு இன்னும் வெட்கமான ஒன்று இருக்கிறது. நான் விஞ்ஞான டீச்சர். கலாசாலையில் விஞ்ஞானம் படித்துப் பயிற்சி எடுத்தவள். அகஞ்சுரக்கும் சுரப்பிகளைப் படம் கீறிக் காட்டி, தைரொட்சின் உடலின் அனுசேபத்தைக் கட்டுப்படுத்துகிறது என்று வருஷா வருஷம் சாதாரண தரப் பிள்ளைகளுக்குப் படிப்பிக்கிறேன். என் கழுத்தில் இருப்பதும் அதே சுரப்பி என்று ஒரு நாளும் யோசிக்கவில்லை.

அந்தப் பிள்ளை தைரொட்சின் எழுதித் தந்து, கிளினிக்குக்கும் துண்டு தந்தார். நான் என்ன செய்தேன்? “ஓபிடி டொக்டர்தானே, சின்னப் பிள்ள” என்று அந்தத் துண்டை பைலுக்குள் மடித்து வைத்துவிட்டுக் கொழும்புக்கு இரவு பஸ் ஏறினேன். ஊரில் எல்லோரும் அப்படித்தான் சொன்னார்கள். “தைரொயிட் எண்டா கொழும்புலதான் காட்டணும்.”

கொழும்பில் ஒரு நிபுணர். மாத்திரை கூட்டினார். ரீ.எஸ்.எச். இறங்கவில்லை. “இவர் சரியில்ல” என்று இன்னொருவர். அவரும் கூட்டினார். 50 ஆக இருந்தது 100 ஆகி, 150 ஆனது. ரீ.எஸ்.எச். 20க்குக் கீழே வரவே இல்லை. ஒவ்வொரு பயணத்துக்கும் லீவு, பஸ் காசு, சனல் காசு, லெப் காசு. 2022 இல் எண்ணெய்த் தட்டுப்பாடு வந்து பயணம் முடியாமல் போனது. வேறு வழியில்லாமல் அந்தப் பழைய துண்டைத் தேடி எடுத்துக்கொண்டு நமது ஆதார வைத்தியசாலைக் கிளினிக்குக்குப் போனேன். காலை ஆறரைக்கு வரிசை. பதினொரு மணிக்கு உள்ளே போனேன்.

பொது வைத்திய நிபுணர் பைலைப் புரட்டினார். மாத்திரையைக் கூட்டவில்லை. ஒரே ஒரு கேள்வி கேட்டார். “காலையில குளிசைய எதோட போடுறீங்க?”

“பால் தேத்தண்ணியோட சேர்.”

“வேற என்ன குளிசை போடுறீங்க?”

“இரும்புச்சத்து, கல்சியம். எல்லாத்தயும் ஒண்டா போட்டுருவன்.”

பேனையைக் கீழே வைத்துவிட்டார். தைரொட்சினை வெறும் வயிற்றில் தண்ணீரோடு மட்டும் குடிக்க வேண்டும், அரை மணித்தியாலம் தொடக்கம் ஒரு மணித்தியாலம் வரைக்கும் தேத்தண்ணியோ சாப்பாடோ கூடாது, இரும்புச்சத்தும் கல்சியமும் நாலு மணித்தியாலம் தள்ளித்தான் என்று சொன்னார். நான் மூன்று வருஷம் விழுங்கிய மாத்திரையில் பாதி உடம்பில் சேரவே இல்லை. 150 ஐ 100க்குக் குறைத்து, எட்டுக் கிழமைக்குப் பிறகு வரச் சொன்னார். எட்டுக் கிழமையில் என் ரீ.எஸ்.எச். 3.1.

கொழும்பு டொக்டர்கள் கெட்டவர்கள் என்று நான் சொல்லவில்லை. அவர்கள் எழுதிய மருந்தும் சரியான மருந்துதான். ஆனால் ஒருவரும் எப்படிக் குடிக்கிறாய் என்று கேட்கவில்லை, நானும் இரண்டு தரத்துக்கு மேல் ஒருவரிடமும் போகவில்லை. என் நோயைக் கண்டுபிடித்த டொக்டர் என் வீட்டிலிருந்து பதினைந்து நிமிஷத் தூரத்தில் இருந்தார். அவர் சின்னப் பிள்ளை, அரசாங்க ஓபிடி, காசு வாங்காதவர் என்ற மூன்று காரணங்களுக்காக நான் அவரை மதிக்கவில்லை.

இனி உங்களைக் கேட்கிறேன். நாம் டொக்டரை எப்படித் தெரிவு செய்கிறோம்?

வாசலில் எவ்வளவு சனம் நிற்கிறது என்று பார்க்கிறோம். எவ்வளவு காசு எடுக்கிறார் என்று பார்க்கிறோம். எவ்வளவு தூரத்தில் இருக்கிறார் என்று பார்க்கிறோம். மூன்று மாதத்தில் சுகம் வராவிட்டால் டொக்டரை மாற்றுகிறோம். பைலைக் காட்டினால் பழைய டொக்டரைக் குறை சொன்ன மாதிரி இருக்கும் என்று பைலை வீட்டில் வைத்துவிட்டுப் போகிறோம். புதியவர் திரும்பவும் முதலிலிருந்து தொடங்குகிறார். ஒரு பிள்ளையை வருஷத்துக்கு நாலு பாடசாலை மாற்றிவிட்டு, பிள்ளைக்குப் படிப்பு ஏறவில்லை என்று சொல்வதற்கும் இதற்கும் என்ன வித்தியாசம்?

இன்னொன்றும் இருக்கிறது. பின்னேரம் நீங்கள் ஆயிரக்கணக்கில் கொடுத்துச் சனல் பண்ணுகிற நிபுணர்களில் அதிகமானவர்கள், அதே நாள் காலையில் ஏதாவது ஓர் அரசாங்க வைத்தியசாலைக் கிளினிக்கில் ஒரு சதமும் வாங்காமல் நோயாளி பார்த்தவர்கள்தான். மனுஷர் ஒருவர்தான், படிப்பும் ஒன்றுதான். காலையில் வரிசையில் நிற்க நமக்கு வெட்கம். “அரசாங்க மருந்து கேட்காது” என்கிறோம். தைரொட்சின் ஒரு பழைய மருந்து, விலை குறைந்த மருந்து. உடம்பு செய்ய வேண்டிய ஹோர்மோனையே வெளியிலிருந்து கொடுக்கிறார்கள். அதில் பணக்காரத் தைரொட்சின், ஏழைத் தைரொட்சின் என்று இரண்டு இல்லை.

கிளினிக்கில் குறை இல்லையா? இருக்கிறது. விடியவே போய் நிற்க வேண்டும். இருக்கை போதாது. சில நாள் ரீ.எஸ்.எச். வெளியில் எடுத்து வரச் சொல்வார்கள். சில மருந்து வெளியில் வாங்கச் சொல்வார்கள். மொழி தெரியாத டொக்டர் என்றால் நமது பெண்கள் பாதியைச் சொல்லாமல் விழுங்கிவிடுவார்கள். சில இடங்களில் பேச்சும் நல்லாயில்லை. இதையெல்லாம் கேட்க வேண்டும், எழுத வேண்டும், சண்டை பிடிக்கவும் வேண்டும். ஆனால் அதற்காகக் கிளினிக்கை விட்டு ஓடுவது நமக்குத்தான் நட்டம். வசதி உள்ளவன் ஓடிவிட்டால், மிச்சமிருக்கிற ஏழைப் பெண்ணுக்காக அங்கே குரல் கொடுக்க யார் இருப்பார்?

சரி, “நல்ல டொக்டர் ஆரு” என்ற கேள்விக்கு வருகிறேன். தைரொயிட் என்பது ஒரு நோய் இல்லை, பல நோய். ஆகவே முதலில் உங்களுக்கு என்ன என்று தெரிய வேண்டும்.

சுரப்பு குறைந்தால்: களைப்பு, குளிர், மலச்சிக்கல், முகம் வீங்கல், முடி கொட்டல், மாதவிடாய்க் கோளாறு, கொலஸ்ட்ரோல் கூடல், மனச்சோர்வு. இதுதான் நமது பெண்களிடம் அதிகம். இதற்குக் கொழும்பு தேவையில்லை. ஓபிடி டொக்டரோ உங்கள் குடும்ப டொக்டரோ கண்டுபிடிக்கலாம், பொது வைத்திய நிபுணரின் கிளினிக்கில் தொடரலாம். பெரும்பாலானோருக்கு ஆயுள் முழுக்கக் குளிசை. அதில் கவலைப்பட ஒன்றுமில்லை. கண்ணாடி போடுவது மாதிரித்தான்.

சுரப்பு கூடினால்: நெஞ்சு படபடப்பு, கை நடுக்கம், வேர்வை, சாப்பிட்டும் மெலிவு, கண் பிதுங்கல். இதை அகஞ்சுரப்பி நோய்களுக்கான நிபுணர், அதாவது நீங்கள் எண்டோகிரைனோலொஜிஸ்ட் என்று கேள்விப்படுகிறவர், பார்ப்பது நல்லது. அப்படியொருவர் பக்கத்தில் இல்லாவிட்டால் பொது வைத்திய நிபுணர் தொடங்கி வைத்து, தேவையான இடத்துக்குத் துண்டு தருவார்.

கழுத்தில் கட்டி என்றால்: ஸ்கேன் எடுக்க வேண்டும். தேவைப்பட்டால் ஊசியால் கொஞ்சம் எடுத்துப் பரிசோதிப்பார்கள். இதற்குச் சத்திர சிகிச்சை நிபுணரும் வேண்டும். பெரும்பாலான கட்டிகள் புற்றுநோய் இல்லை. ஆனால் இலங்கையில் பெண்களிடம் மார்பகப் புற்றுநோய்க்கு அடுத்தபடியாகப் பதிவாவது தைரொயிட் புற்றுநோய்தான். நேரத்தோடு பிடித்தால் அனேகமாகச் சுகப்படுத்தக்கூடிய புற்றுநோயும் அதுதான். கட்டியை முந்தானையால் மூடிக்கொண்டு இருக்காதீர்கள். குரல் மாறினால், விழுங்கக் கஷ்டமாக இருந்தால், கட்டி வேகமாக வளர்ந்தால் அடுத்த கிழமை என்று தள்ளிப்போடாதீர்கள்.

கர்ப்பிணி என்றால்: பெண்ணோயியல் நிபுணரும் வைத்திய நிபுணரும் இரண்டு பேரும் வேண்டும். மிட்வைப் மிஸ்ஸிடம் முதல் நாளே சொல்ல வேண்டும். இதைப் பற்றிக் கீழே எழுதுகிறேன்.

யாரிடம் போனாலும் அவர் சரியான ஆளா என்று எப்படித் தெரிந்துகொள்வது? நான் பட்டுத் தெரிந்துகொண்டதை எழுதுகிறேன்.

1. உங்கள் கழுத்தைத் தொட்டுப் பார்ப்பார்.
2. மாதவிடாய், பிள்ளைப்பேறு, குடும்பத்தில் யாருக்கும் இருக்கிறதா, வேறு என்ன மருந்து என்று கேட்பார்.
3. பரிசோதனை பார்த்த பிறகுதான் குளிசை தொடங்குவார். மாத்திரை மாற்றினால் ஆறு தொடக்கம் எட்டுக் கிழமைக்குப் பிறகு திரும்பப் பார்ப்பார். கிழமைக்குக் கிழமை ரீ.எஸ்.எச். எடுக்கச் சொல்வது வீண் செலவு, அந்த மருந்து உடம்பில் மெதுவாகத்தான் வேலை செய்யும்.
4. குளிசையை எப்படிக் குடிப்பது என்று சொல்லித் தருவார்.
5. தன்னால் முடியாததை இன்னொருவருக்கு எழுதி அனுப்புவார்.
6. “நான்தான் சுகமாக்குவேன், மற்றவனிடம் போகாதே” என்று சொல்ல மாட்டார்.

இந்த ஆறில் எதற்கும் பெரிய பெயர் தேவையில்லை, கொழும்பு தேவையில்லை. கலாசாலையில் எங்களுக்கு முதலில் சொல்லித் தந்ததும் இதுதான். பிள்ளை ஏன் பிழை விட்டது என்று பார்க்காமல் சிவப்புப் பேனையால் கீறுகிறவர் ஆசிரியர் இல்லை. காரணம் பார்க்காமல் துண்டு எழுதுகிறவரையும் அப்படித்தான் பார்க்க வேண்டும். ஒருவர் உண்மையான டொக்டரா என்று சந்தேகம் இருந்தால் இலங்கை மருத்துவ சபையில் பதிவு இருக்கிறதா என்று பார்க்கலாம். பலகையில் எழுதியிருப்பதையெல்லாம் நம்ப வேண்டியதில்லை.

நம்மிடமும் கடமை இருக்கிறது. ஒரு பைல், ஒரு கிளினிக் கொப்பி. எல்லா ரிப்போர்ட்டும் திகதி வரிசையில். போகும் முன் சொல்ல வேண்டியதை ஒரு தாளில் எழுதிக்கொண்டு போங்கள். மொழி கஷ்டம் என்றால் தாதியிடம் உதவி கேளுங்கள். மனைவியை வெளியே இருத்திவிட்டு நீங்களே உள்ளே போய் நோய் சொல்கிற கணவன்மாரே, தயவுசெய்து அவரைப் பேச விடுங்கள். அவருக்கு எத்தனை நாள் மாதவிடாய் என்று உங்களுக்குத் தெரியாது. பெண் டொக்டர்தான் வேண்டும் என்று ஒரு வருஷம் காத்திருப்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. பெண் டொக்டர் கிடைத்தால் நல்லது. கிடைக்காவிட்டால் நோயோடு இருக்கச் சொல்லி மார்க்கம் சொல்லவில்லை. மருத்துவம் செய்துகொள்ளச் சொன்ன மார்க்கம் இது. தாதி பக்கத்தில் நிற்க, கழுத்தை மட்டும் காட்டுவதில் என்ன இருக்கிறது?

அடுத்தது பவுடர் வியாபாரம்.

வட்ஸ்அப் குரூப்பில் “40 நாளில் தைரொயிட்டுக்கு முற்றுப்புள்ளி, ஆங்கில மருந்தை நிறுத்துங்கள்” என்று ஒரு படம் சுற்றுகிறது. கீழே ஒரு போன் நம்பர். அதில் ஹதீஸையும் போட்டிருக்கிறார்கள், அதுதான் எனக்கு நெஞ்சு வலிக்கிறது. கருஞ்சீரகத்தின் சிறப்பை நான் மறுக்கவில்லை. எங்கள் வீட்டிலும் இருக்கிறது. ஆனால் வேலை செய்யாத சுரப்பி உள்ளவளிடம் ஹோர்மோனை நிறுத்தச் சொல்வதற்கு யாருக்கு அதிகாரம்? தைரொட்சினை நிறுத்தினால் அடுத்த நாளே ஒன்றும் நடக்காது. உடம்பில் அது கிழமைக் கணக்கில் தங்கும். அந்தக் கிழமைகளில் “பவுடர் வேல செய்யுது” என்று நினைப்பீர்கள். இரண்டு மாதத்தில் விழுவீர்கள், அப்போது அந்த நம்பர் வேலை செய்யாது.

“அயடின் குறைவு, அதுக்குத்தான் பவுடர்” என்றும் சொல்கிறார்கள். இலங்கையில் 1995 இல் இருந்து உப்புக்கு அயடின் சேர்ப்பது சட்டம். இப்போது நமது பெண்களுக்கு வருவது பெரும்பாலும் உடம்பின் எதிர்ப்புச் சக்தியே சுரப்பியைத் தாக்குவதால் வருவது. அதற்கு மேலதிகமாக அயடினைக் கொட்டினால் சிலருக்கு நோய் கூடவும் கூடும்.

சுரப்புக் கூடிய நோய்க்குக் காபிமசோல் குடிப்பவர்கள் இந்த ஒரு பந்தியை மட்டுமாவது மனதில் வையுங்கள். அந்த மருந்து குடிக்கும் காலத்தில் காய்ச்சலும் தொண்டை நோவும் வந்தால், பனடோல் போட்டுக்கொண்டு படுக்காதீர்கள். குளிசையை நிறுத்திவிட்டு அன்றைக்கே வைத்தியசாலைக்குப் போய் இரத்தப் பரிசோதனை செய்யுங்கள். அரிதாகச் சிலருக்கு வெள்ளை அணுக்கள் ஆபத்தான அளவுக்குக் குறைந்துவிடும். இதைச் சொல்லித் தராத டொக்டர் உங்களுக்குச் சரியான டொக்டர் இல்லை. பாமசியில் துண்டில்லாமல் இதை மாதக் கணக்கில் வாங்கிக் குடிப்பவர்களும் நம் ஊரில் இருக்கிறார்கள்.

கடைசியாக, எழுதுவதா வேண்டாமா என்று பல நாள் யோசித்த விஷயம்.

எனக்குத் தெரிந்த ஒரு தங்கச்சி. ஊரையும் உறவையும் சொல்ல மாட்டேன். கலியாணத்துக்கு முன்பே தைரொயிட் குறைபாடு. குளிசை ஒழுங்காகக் குடித்து நன்றாக இருந்தாள். மாப்பிள்ளை வீட்டில் பேச்சு வந்ததும் அவளுடைய உம்மா குளிசைப் போத்தலை எடுத்து ஒளித்துவிட்டார். “நோய்க்காரி எண்டு தெரிஞ்சா கலியாணம் நிண்டுடும்.” கலியாணம் நடந்தது. மாப்பிள்ளை வீட்டில் குளிசை குடிக்க முடியாது, கிளினிக் போக முடியாது. கொப்பி உம்மா வீட்டு அலுமாரியில். மூன்றாம் மாதத்தில் கரு கலைந்தது. இரண்டாவது தரமும் அப்படியே. “கரு தங்காத பொண்டாட்டி” என்று பேச்சு வந்தது. அதன் பிறகுதான் ஒரு பெண்ணோயியல் நிபுணர் ரீ.எஸ்.எச். பார்த்தார்.

இதுதான் காரணம் என்று ஒரு டொக்டரும் எழுதித் தரவில்லை, நானும் தீர்ப்புச் சொல்லவில்லை. ஆனால் கட்டுப்படுத்தாத தைரொயிட் குறைபாடு கருக்கலையும் ஆபத்தைக் கூட்டும். முதல் மாதங்களில் வயிற்றுப் பிள்ளையின் மூளை வளர்வது உம்மாவின் ஹோர்மோனை நம்பித்தான். அதனால் பிள்ளை உண்டானதும் பெரும்பாலும் மாத்திரையைக் கூட்ட வேண்டி வரும். நம் ஊரில் என்ன செய்கிறோம்? “வயித்துல புள்ள இருக்கக்குள்ள மருந்து குடிக்காத” என்று இருந்ததையும் நிறுத்துகிறோம். தைரொட்சின் பிள்ளைக்கு விஷமில்லை. நிறுத்துவதுதான் ஆபத்து. காபிமசோல் குடிப்பவர்கள் மட்டும் பிள்ளைக்கு யோசிக்கும் முன்பே டொக்டரிடம் பேசுங்கள், அதில் மருந்து மாற்ற வேண்டி வரலாம்.

கலியாணம் பேசுகிற பெரியவர்களே, ஒரு குளிசை குடிக்கிற பெண்ணை வேண்டாம் என்று சொல்ல உங்களுக்கு என்ன நியாயம்? உங்கள் மகனின் வாப்பாவுக்குச் சீனி வருத்தத்துக்குக் குளிசை இல்லையா? பெண்ணின் உம்மாமாரே, நோயை மறைத்து மகளை வாழ வைக்கலாம் என்று நினைக்காதீர்கள். வீட்டுக்குள் ஒளித்துக் குடிக்க வேண்டிய குளிசைக்கு உலகத்தில் எந்த டொக்டராலும் உதவ முடியாது. நான் மூன்று வருஷத்தில் இழந்தது காசும் உடம்பும். அந்தத் தங்கச்சி இழந்தது வேறு.

இதற்கு ஊராகச் செய்யக்கூடியது பெரிய விஷயமில்லை. எம்.ஓ.எச். அலுவலகத்தின் வெல் வுமன் கிளினிக் 35 வயது தாண்டிய பெண்களுக்கு 1996 இல் இருந்து இந்த நாட்டில் நடக்கிறது. பிரஷர், சீனி, மார்பகம், கருப்பைக் கழுத்து என்று பார்க்கும்போது கழுத்தையும் பார்க்கிறார்கள். அந்தத் திகதியைப் பள்ளிவாசல் ஒலிபெருக்கியில் ஒரு தரம் சொன்னால் போதும். ஜனாஸா அறிவித்தலுக்கு மட்டுமா அது? றமழானுக்கு முன்பு குளிசை குடிப்பவர்களுக்கு ஒரு டொக்டரை அழைத்து ஒரு மணித்தியாலம் பேச வையுங்கள். நோன்பு காலத்தில் தைரொட்சினை சஹருக்கு அரை மணித்தியாலம் முன்போ, இரவுச் சாப்பாட்டுக்கு மூன்று மணித்தியாலம் கழித்துப் படுக்கும்போதோ குடிக்கலாம். உங்கள் டொக்டரிடம் கேட்டு ஒன்றைத் தெரிவு செய்யுங்கள். இந்தச் சின்ன விஷயம் தெரியாமல் மாதம் முழுக்க நிறுத்துகிறவர்கள் இருக்கிறார்கள்.

ஆசிரியர்களுக்கும் ஒரு வார்த்தை. வகுப்பில் நித்திரை கொள்கிற பிள்ளை, வயதுக்கேற்ற உயரம் வராத பிள்ளை, திடீரென்று படிப்பில் விழுந்த பிள்ளை. “மந்தம்” என்று எழுதும் முன் பெற்றோரைக் கூப்பிட்டு ஒரு தரம் டொக்டரிடம் காட்டச் சொல்லுங்கள். எனக்கு ஒருவர் அப்படிச் செய்தார், அவர் என் மகனைப் பார்க்க உட்கார்ந்திருந்த டொக்டர்.

அவரைத் தேடி நான் பிறகு போனேன். இடமாற்றம் கிடைத்துப் போய்விட்டார் என்றார்கள். நன்றி சொல்லக் கிடைக்கவில்லை. எங்கே இருந்தாலும் அல்லாஹ் அவருக்கு நல்வாழ்வு கொடுக்கட்டும்.

ஆகவே, இன்பொக்ஸில் பெயர் கேட்டவர்களே, என் பதில் இதுதான். நாளை காலை பக்கத்து வைத்தியசாலைக்குப் போங்கள். “எனக்குக் களைப்பு, கழுத்தைப் பாருங்க, ரீ.எஸ்.எச். பார்க்கலாமா” என்று கேளுங்கள். கொப்பி போட்டுக்கொள்ளுங்கள். அந்தக் கொப்பியை விடாமல் ஒரு வருஷம் போங்கள். அதற்குப் பிறகும் சரிவராவிட்டால், அதே கொப்பியோடு கொழும்புக்குப் போங்கள், நானே பஸ் ஏற்றி விடுகிறேன்.

நான் டொக்டர் இல்லை. குளிசையை மாற்றுவதும் குறைப்பதும் உங்கள் டொக்டரின் வேலை. கொமெண்டில் உங்கள் அனுபவத்தை எழுதுங்கள், பிழை இருந்தால் வைத்தியத் துறையில் உள்ள சகோதரர்கள் திருத்துங்கள். பவுடர் விற்க வருகிறவர்களை மட்டும் புளொக் பண்ணுவேன், கோபிக்க வேண்டாம்.

துஆவில் சேர்த்துக்கொள்ளுங்கள். வஸ்ஸலாம்.